நாற்பத்தொன்பது டெசிபல்

நான் விற்பது அமைதி.
தாம்பெரே நகரின் தென்கோடியில், நெடுஞ்சாலை ஓரம்,
தகரக் கூரைக் கடையில்
பதினோரு வருஷமாக.
பாத்திரம் எதில் போட்டாலும் வெளுக்கும்,
அதில் ரகசியமில்லை.
விலை ஏறுவதெல்லாம் சத்தம் இறங்குவதற்குத்தான்:
ஐம்பது டெசிபலுக்கு நானூறு யூரோ,
நாற்பத்துநான்குக்கு அறுநூற்றைம்பது,
முப்பத்தெட்டுக்கு
ஆயிரத்து இருநூறும் என் இளிப்பும்.

ஜனவரிச் சனிக்கிழமை. வெளியே மைனஸ் பத்தொன்பது.
மூன்று பேர் வந்தார்கள், பூட்ஸிலிருந்து பனி உதிர.
நான் மனப்பாடத்தை ஆரம்பித்தேன்:
"பக்கத்திலேயே நின்றாலும் ஓடுவது தெரியாது..."

அம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தார்.
எந்திரத்தைக் காட்ட நான் திரும்பியதும்
என் பேச்சு அவர்களுக்கு அறுந்துபோனது.
நடுவில் நின்ற ஏழு வயசு
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுச் சொன்னாள்:
"அவங்களுக்குக் காது கேக்காது. எனக்குக் கேக்கும்.
என்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன்.
கத்தி கரண்டிகளுக்கென்று மூன்றாவது தட்டு.
அழுக்கை மோப்பம் பிடிக்கும் சென்சார்.
மின்சாரம் மலிவாகும் நடுராத்திரி வரை
தானே காத்திருந்து ஓடும் புத்தி.
மூச்சுவிடாமல் நான்கு நிமிஷம்.
அவள் விரல்கள் இரண்டே தரம் அசைந்தன.
அப்பா தலையாட்டினார்.
என் பிழைப்பின் சுருக்கம் அவ்வளவுதான் போல.

ஒன்று மட்டும் அவர்களை நிறுத்தியது:
ஓடும்போது தரையில் விழும் சிவப்பு வெளிச்சப் பொட்டு.
சைலா குனிந்து அதில் கைவைத்தார்.
பொட்டு அவர் புறங்கைக்கு ஏறியது.
(பெயர்கள் பின்னால் ரசீதில் தெரிந்தவை.)
இல்போ விலைச்சீட்டைப் புரட்டினார்.
கேட்காத ஒன்று இன்னும் கேட்காமலிருக்க
எண்ணூறு யூரோ அதிகம்.
நானே கணக்குப் போட்டு வெட்கப்பட்டேன்.
விற்றுவிடுவேன் என்ற சந்தோஷமும் இருந்தது,
மாதக் கணக்கில் இன்னும் இரண்டு குறைந்ததே.

அப்போது ஹில்லாவைக் காணோம்.

வரிசையின் கடைசியில், குழாய் இணைத்துச்
சும்மா ஓடவிட்டிருந்த மலிவு எந்திரத்தில்
காதை ஒட்டி நின்றிருந்தாள்.
"இது சத்தம் போடுதே."
குறை சொல்கிறாள் என்று நினைத்து
"ஆமாம், நாற்பத்தொன்பது, அது வேண்டாம்" என்றேன்.
இரண்டு கைகளையும் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டாள்.
அப்படியென்றால் இனி சொல்வது எனக்கு மட்டும்.
"பழசு கிறிஸ்துமஸுக்கு அப்புறம் செத்துப்போச்சு.
ராத்திரி அது உறுமிக்கிட்டே இருக்கும்.
இப்ப வீட்ல நான் மட்டும்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.
ஒண்ணுமே வரல."

பாக்கெட்டுக்குள் போன கைகளை
எந்த அம்மா கவனிக்காமலிருப்பாள்?
சைலா என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்.
எனக்குத் தெரிந்த சைகை கட்டைவிரல் ஒன்றுதான்.
முப்பத்தெட்டின் விலைச்சீட்டை உருவி
அதன் முதுகில் எழுதிக் கொடுத்தேன்:
அவளுக்கு உறுமுவது வேண்டுமாம். தூங்க.

படித்தார்கள். மறுபடி படித்தார்கள்.
பிறகு நான்கு கைகளும் பேசிய வேகத்தில்
என்ன சண்டையோ, என்ன சமாதானமோ,
கடைக்குள் அவ்வளவு இரைச்சலை
நான் கண்ணால் பார்த்ததில்லை.

இல்போ நடந்துபோய்
மலிவு எந்திரத்தின் கதவில்
உள்ளங்கையை விரித்து வைத்தார்.
அது அலசி, வடித்து, மறுபடி நீர் பிடிக்கும்வரை
எடுக்கவில்லை.

நானூற்றிருபது யூரோ. பொட்டு கிடையாது.
"முடிந்ததும் போன் அதிரும்" என்று
முகத்தை நேரே காட்டி, மெதுவாகச் சொன்னேன்.
வைஃபை அதிலும் இருந்தது, ஏதோ அந்த மட்டும்.

செயலி கேட்டது: எந்திரத்துக்கு ஒரு பெயர்?
"உர்ர்" என்றாள் ஹில்லா.
அதற்கு அவளிடம் சைகை இல்லை.
அப்பாவின் இரண்டு விரலைப் பிடித்துத்
தன் தொண்டையில் வைத்து
இன்னொரு தரம் உறுமினாள்.

அவர் எழுத்துகளைத் தட்டினார்.
எத்தனை ர் என்று விரல்களால் கேட்டார்.
இரண்டு, என்றாள்.
கொஞ்சம் யோசித்து
நான்கு போட்டார்.