ஐந்து மைக்ரான்

கலாமாவில் மழை பெய்து எத்தனை நாள் என்று
யாரும் கணக்கு வைப்பதில்லை.
தூசிக்குத்தான் கணக்கு.
அதற்கு நான்.

இரவு மூன்று மணி.
எலெயுத்தேரியோ சோக்கே மாதிரிக் குப்பியை மேசையில் வைக்கிறார்.
நான்காம் அரவை ஆலையின் கியர் பெட்டி எண்ணெய்,
இன்னும் சூடு ஆறவில்லை.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். தேன் போலிருக்கிறது.
"சுத்தம்தானே, யாரிட்சா?"

கண் நாற்பது மைக்ரானோடு கடையைக் கட்டிவிடும்.
அதற்குக் கீழேதான் ஊரே இருக்கிறது.

வெண்சவ்வில் ஊற்றி, பம்பால் உறிஞ்சி,
கரைப்பான் விட்டுக் கழுவி
நுண்ணோக்கியில் குனிகிறேன்.
உடைத்த கற்கண்டாய் மின்னுகிறது சிலிக்கா.
சுருண்ட மஞ்சள் செதில்: பேரிங் கூட்டின் பித்தளை.
அடியில் காந்தத்தை நகர்த்த
எழுந்து வரிசையில் நிற்கிறது இரும்பு.

பெரிய துகளுக்கு நான் பயந்ததில்லை.
அது இடுக்கில் நுழையாது.
மிகப் பொடிசு எண்ணெயோடு எண்ணெயாய்ப் போய்விடும்.
இடைவெளிக்கு அளவெடுத்துத் தைத்தது போல் ஒன்று வரும்,
அதுதான் உழும்.
உழுத சாலில் உதிர்ந்தது
அடுத்த சாலை உழும்.

இருபத்திரண்டு, இருபது, பதினேழு
என்கிறது எண்ணும் கருவி.
மோசம்.

அப்புறம், வட்டத்தின் ஓரத்தில்
ஒரு சிவப்பு இழை.
கம்பளி. அல்பாக்கா.

ஆலையில் துடைக்கத் தருவது நூல் உதிராத வெள்ளைத் துணி.
பெட்டியின் மூச்சுக்குழாய் வடிகட்டி உடைந்து பத்து நாள்;
மாற்று, அந்தோஃபகஸ்தா துறைமுகத்தில்
ஏதோ முத்திரைக்குக் காத்துக் கிடக்கிறது.

நிமிர்ந்தேன்.
அவருடைய வலக்கையில் சிவப்புக் கையுறை.
இடக்கை சட்டைப் பைக்குள்.
போன ஜூன் குளிரில், குலுக்கல் பரிசுக்கு
நான் பின்னிய ஜோடி.

"திறந்து விட்டிருந்தால்
பாலைவனமே உள்ளே போயிருக்கும்" என்றார்,
நான் எதுவும் கேட்கும் முன்பே.

வடிகட்டி வண்டியை இருவருமாய்த் தள்ளிப் போனோம்.
ஒரு சக்கரம் கோணல், அது எப்போதும் இடப்பக்கம் இழுக்கும்.
குழாய்களைப் பூட்டி, மூன்று மைக்ரான் தாள் அடுக்கின் வழியே
தொட்டி முழுவதையும் ஏழு முறை சுற்ற விட்டோம்.
அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது.
அவர் கையுறையைப் பிழிந்தார்,
எண்ணெய் சொட்டியது, நிறுத்தினார்.
நான் பிளாஸ்கிலிருந்து ஊற்றிய காபியை
வெறுங்கையில் வாங்கிக்கொண்டார்.

விடியலில் மறுபடி எண்ணினேன்:
பதினெட்டு, பதினாறு, பதிமூன்று.
ஒவ்வோர் எண் இறங்கும்போதும் கூட்டம் பாதியாகும்.
தீர்ந்துபோவதில்லை.

படிவத்தில்,
நார்: ஒன்று. நிறம்: சிவப்பு.
மூலம்: தெரியும் / தெரியாது.

தெரியும் என்பதைச் சுழித்தேன்.
பெயர் எழுத அதில் கட்டம் இல்லை.