ஏழு புள்ளி ஒன்று

செக்கானூரணி பால் சங்கத்தில்
விடியுமுன் நான் எழுதுவது எண்கள்தாம்.
ஒச்சம்மாளின் எருமைப்பால்: கொழுப்பு ஏழு புள்ளி ஒன்று.
முகம் மலரும் அவளுக்கு,
புள்ளிக்கு இவ்வளவு என்று காசு.
சிவனாண்டியின் சிந்திப்பசு: மூன்று புள்ளி எட்டு.
"மெஷின் சரியில்ல" என்பார்
கேனைத் தட்டிக்கொண்டே.

போன மாதம் கே.கே.நகர் ஆய்வகத்தில்
என் ரத்தத்தையும் ஒருத்தி
இப்படித்தான் குழாயில் வாங்கினாள்.
கொழுப்பு கூடுதல் என்றது தாள்.
அங்கே காசு கட்டியது நான்.

நெய்யை விடுங்கள், வெண்ணெயைத் தொடாதீர்கள்
என்றார் டாக்டரம்மா.
தயிர்?
நெஞ்சுக்குப் பகையில்லை போலிருக்கிறது.
பால்?
"ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
ஒரு டம்ளர் குடியுங்கள், பார்ப்போம்."
அந்தப் 'பார்ப்போ'மில்
எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று
அளக்க என்னிடம் கருவியில்லை.

மிஞ்சிய பாலைச் சுண்டக் காய்ச்சி
ஆடையோடு விழுங்கியவன் நான்.
இப்போது மதியம் மோர்,
அதுவும் உப்பில்லாமல்.

"எம்புட்டுண்ணே?"
இன்று வரிசையில் முதல் ஆள் ஒச்சம்மாள்.
"ஏழு ரெண்டு."
சிரித்தாள்.
சட்டைப்பையில் மடித்த தாள்
நெஞ்சின்மேல்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.