வினையெச்சம்

பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை
எப்போதும் காலி.
மூன்று முறை குளித்தும் போகாது
பூட்ரிக் அமிலம்.
விரலிடுக்கில், பின்னலின் நுனியில்,
மோதிரத்தின் உட்புறத்தில்
கெட்டுப்போன வெண்ணெயாக ஒட்டியிருக்கும்.

ரான்வாவுக்கு அதில் வருத்தமில்லை.
ஜன்னலோரம் கிடைக்கிறது.

ஃபாரோ தீவுகளில், கோடையில்,
இரவு என்பது ஒரு வழக்கம் மட்டுமே.
பதினோரு மணி வெளிச்சத்தில்
கரையோரத் தொட்டிகளில்
விரல்நீள சால்மன்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன,
தின்றபடி, கழித்தபடி.
சுழலும் சல்லடையில் தேங்குவது
நனைந்த சாம்பல் நிறம்.
முன்பு அது குழாய் வழியே கடலுக்குப் போனது.
கடலும் ஒன்றும் சொன்னதில்லை,
அடித்தரையில் வெள்ளைப் படலம் பூக்கும்வரை.
இப்போது நான்காம் கலனுக்கு வருகிறது.

முப்பத்தைந்து பாகை. காற்றில்லை.
பழைய கலனிலிருந்து ஒரு வாளி உறை ஊற்றி
மூடியை இறுக்கினால் போதும்,
மற்றதை இருட்டு பார்த்துக்கொள்ளும்.
புரதம் உடையும். கொழுப்பு அவிழும்.
முதலில் புளிக்கும்.
பிறகு, விட்டுவிட்டால்,
புளிப்பையும் தின்னும் ஒரு கூட்டம் விழித்து
எல்லாவற்றையும் வாயுவாக ஊதித் தள்ளிவிடும்.

விட்டுவிடாமல் இருப்பதுதான் அவள் வேலை.

தமிழில் எச்சம் என்றால்
பறவை போட்டதும்தான், மீந்ததும்தான்,
முடியாமல் நிற்கும் வினையும்தான் என்று
அவளிடம் யாரும் சொன்னதில்லை.
வந்து. உண்டு. புளித்து.
அடுத்த சொல்லுக்காக
ஒரு காலைத் தூக்கி நிற்கும் சொற்கள்.
முற்றுப்பெற்றால் வெறும் மீத்தேன்.
நடுவில் நிறுத்தினால்
அசெட்டிக், புரோப்பியோனிக், பூட்ரிக்:
சாயத்துக்கு, பிளாஸ்டிக்குக்கு,
இன்னும் யாரும் கேட்காத எதற்கோ.

செவ்வாய் இரவு வாயுமானியின் முள் நகர்ந்தது.
வேறோர் ஆலையில் இதற்குக் கைதட்டுவார்கள்.
அவள் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி
துரோண்டுரை எழுப்பினாள்.
புதுக் கழிவை இருவருமாக ஏற்றி, ஏற்றி,
அமிலமானி ஐந்தரைக்கு இறங்கியபோது மணி நான்கு.
முள் படுத்துக்கொண்டது.

துரோண்டுர் பையைத் திறந்தான்.
கடற்காற்று நுழையும் மரக்கொட்டகையில் தொங்கிப்
பாதி புளித்த ஆட்டிறைச்சி.
ரொட்டியில் வைத்துத் தின்றார்கள்.
இதையும் யாரோ சரியான நாளில்
கொக்கியிலிருந்து இறக்கியிருக்கிறார்கள்.

மாதக் கடைசியில் ஆய்வகத்திலிருந்து ஒரு சிறு புட்டி வந்தது:
அவளுடைய பூட்ரிக்,
சாராயத்தோடு சேர்த்துக் காய்ச்சியது.
மகன் ஹொக்னி முகர்ந்தான்.
அன்னாசி, என்றான்,
டப்பா அன்னாசி மட்டுமே கண்டவன்.
மீன் பீ, என்றாள் அவள்.
அவன் மறுபடி முகர்ந்தான்.
மறுபடி.

மறுநாள் பேருந்து.
பக்கத்து இருக்கை காலி.
கண்ணாடியில் மழை சாய்ந்து வழிய
அவள் தன் உள்ளங்கையை
மெதுவாக
மூக்கருகே கொண்டுபோய்