சராசரிக்குக் கீழே ஏழு

காலை ஆறு நாற்பது.
கல்லுக்கட்டியில் இன்னும் ஷட்டர்கள் ஏறவில்லை.
முதலில் ஓடுவது யாருடைய ரத்தமும் அல்ல,
குப்பியில் வந்த கன்ட்ரோல் சீரம்.
பெயரில்லை, வயதில்லை,
வெறும் வயிறா என்று கேட்க வேண்டியதில்லை.
அதன் சர்க்கரை எனக்குத் தெரியும்: தொண்ணூற்றெட்டு.
மெஷினுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

தை மாதத்தில் இருபது நாள் ஓட்டி
எடுத்த சராசரி அது.
மேலே நூற்றுநாலு, கீழே தொண்ணூற்றிரண்டு.
சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு.
ஸ்கேல் நழுவிய இடம்கூட
அப்படியே இருக்கிறது.

இந்த வாரம்
தொண்ணூற்றேழு, ஐந்து, ஆறு,
ஐந்து, ஐந்து, நாலு, நாலு.
ஏழும் கோட்டுக்குள்.
ஏழும் நடுக்கோட்டுக்குக் கீழே,
பந்திக்கு வந்தவர்கள் அத்தனை பேரும்
ஒரே வரிசையில் உட்கார்ந்த மாதிரி.

"கோட்டுக்குள்ளதானே இருக்கு" என்றார் சாத்தப்பன் சார்.
"உறுத்துச்சுன்னா இந்த மாசத்தையும் சேத்து
புதுசா கோடு போட்டுக்கம்மா."

போடலாம். எக்செல் அரை நிமிஷத்தில் போட்டுவிடும்.
சராசரி இறங்கும்,
புள்ளிகள் நல்ல பிள்ளைகளாகிவிடும்.
பிராது யார் மேலோ
அவனையே பஞ்சாயத்தில் உட்காரவைத்தால்
தீர்ப்பு எப்படி வரும்?
புதுப் புள்ளி பழைய கோட்டின் முன் நிற்கட்டும்.
கோட்டை அது வரைய வேண்டாம்.

இதற்குள் ஊரில்
எல்லாருக்கும் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருந்தது.
முகூர்த்த வாரம் வேறு.
நேற்று பெரிச்சியப்பன் ரிப்போர்ட்டை வாங்கியதும்
படியில் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டு
கவுனி அரிசி கிண்டச் சொன்னார்.
நூற்றிருபத்து நாலு.
நோய் என்று எழுதத் தொடங்கும் எண்ணுக்கு
இரண்டு குறைவு.
அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.
அதுதான் இப்போது உறுத்துகிறது.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விளக்கு.
ஆயிரத்தெண்ணூறு மணி நேரம் எரிந்து
கண்ணாடிக்குள் மை தீற்றியது போல ஒரு கருமை.
புதியது திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர
மதியம் இரண்டாகிவிட்டது.
கன்ட்ரோல் தொண்ணூற்றெட்டு.
மறுபடி ஓட்டினேன், தொண்ணூற்றொன்பது.

பிரிட்ஜில் இருந்த முப்பத்தொரு சீரத்தையும்
திரும்ப ஏற்றினேன்.
இருபத்தேழு பேருக்கு எதுவும் மாறாது,
அதே மாத்திரை, அதே பத்தியம்.
மிச்சம் நாலு பேர்.
"கோவிலூர் வரை போயிட்டு வந்துடறேன்"
என்று சாத்தப்பன் சார் வண்டியை எடுத்தார்.

ஒருவர் எடுக்கவில்லை.
ஒருவர் கொடுத்திருந்தது மருமகனின் நம்பர்.
ஒரு அம்மாள் திட்டிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்றார்.
பெரிச்சியப்பன் எடுத்தார். பின்னால் நாதஸ்வரம்.
வாய் நிறைய ஏதோ.
கையில் இருந்த தாளில் நூற்றிருபத்தொன்பது.

"மென்னு முடிச்சுட்டே பேசுங்க" என்றேன்.
"நான் லைன்லயே இருக்கேன்."