இரண்டேகால் மணி வகுப்பு

அங்கே பின்னேரம் நாலே முக்கால்.
இங்கே இரவு இரண்டேகால்.
ஒகாயோவின் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னிருந்து
பேராசிரியர் கையசைக்கிறார்.
உட்துறைமுக வீதியில் கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் குறிப்பெடுக்கிறேன்:

நாடு ஒன்று, மாநிலம் ஐம்பது.
ஒவ்வொன்றுக்கும் தன் சட்டம், தன் நீதிமன்றம்.
அவற்றுக்குப் பக்கத்திலே இன்னொரு வாசல்,
சமஷ்டி நீதிமன்றம்.
எழுதிவிட்டு அந்தச் சொல்லைப் பார்த்தேன்.
எங்கள் ஊரில் அதைக்
குரலைத் தாழ்த்தித்தான் சொல்லிப் பழக்கம்.
அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாநிலத்தில் வழக்கறிஞர்
ஆறு தாண்டினால் வெறும் ஆளாம்.
நான் லோஞ்சில் ஏறி மூதூருக்குப் போனாலும்
என் கறுப்புக் கோட் கறுப்புத்தான்.
ஆனால் எங்களுக்கு வேலி தாண்டினாலே சட்டம் மாறும்:
யாழ்ப்பாணத்துச் சுகிர்தமலரின் சீதனத்துக்குத் தேசவழமை,
அடுத்த வளவு ஜெஸீமாவின் விவாகரத்துக்குக் காதி.

பிறகு ஜூரி.
வழக்கைப் பற்றி ஒன்றும் அறியாத பன்னிரண்டு பேர்.
திருகோணமலையில் எங்கே பிடிப்பது
அப்படிப் பன்னிரண்டு பேரை?
சந்தையில் மீன் வெட்டுமுன்னே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.
தனியே சிரித்தேன். மைக் மூடியிருந்தது.

கடைசி அரைமணி, தொழில் ஒழுக்கம்.
'அ' என்பவர் உங்களிடம் வருகிறார்.
கால் மணிநேரம் பேசுகிறார், எல்லாவற்றையும்.
உங்களை அமர்த்தாமல் போய்விடுகிறார்.
அடுத்த மாதம் எதிராளி 'ஆ' வருகிறார்.
அவர் வழக்கை ஏற்கலாமா?
ஆம், இல்லை. ஒரு நிமிடம்.

என்னுடைய 'அ'வுக்கு
அருமைத்துரை என்று பெயர் வைக்கிறேன்.
அது அவன் பெயரல்ல.
சல்லி என்கிறேன். சல்லியாக இருக்காது.
எஞ்சின் களவு என்கிறேன், எஞ்சினாகவும் இருக்கலாம்.
ஒரு சதம் தரவில்லை. தேத்தண்ணியும் என் காசு.
அவன் சொன்னதை
இந்த வரியிலும் எழுத மாட்டேன்.

'ஆ' வந்தது மாசி மழையில்.
சொப்பின் பைக்குள் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி,
அதற்குள் இன்னொரு சொப்பின் பை.
பெயரைக் கேட்டதும் கையை உயர்த்தினேன்:
ஒன்றும் சொல்லாதேங்கோ.
என்னால் ஏலாது.

ஏன் என்றார்.

அந்த 'ஏன்' இருக்கிறதே,
அதற்குப் பதில் சொன்னால்
பாதி இரகசியம் அங்கேயே சிந்திவிடும்.
வேறு இரண்டு சட்டத்தரணிகளின் இலக்கத்தை
துண்டில் எழுதி நீட்டினேன்.
அவர் துண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"மற்றவன் எவ்வளவு தந்தவன்?"

அப்போது எனக்கு விதியின் இலக்கம் தெரியாது.
வயிற்றுக்குள் ஏதோ ஒன்று
கதவைச் சாத்தியது, அவ்வளவுதான்.

இருபது விநாடி மிச்சமிருக்க
'இல்லை'யைத் தொட்டேன்.
பச்சை நிறத்தில் சரி. ஒரு புள்ளி.
முப்பத்தெட்டு வீதம் 'ஆம்' என்றிருந்தார்கள்.
பேராசிரியர் அவர்களுக்குப் பொறுமையாய் விளக்கினார்:
கூலி தராதவனின் சொல்லுக்கும் பூட்டு உண்டு.
'ஆ' பிறகு என்ன ஆனார் என்று
யாரும் கேட்கவில்லை.
பாடத்தில் அது இல்லை.

அவர் தோற்றார். வழக்கு ஏழு தவணை போனது.
நான் வாய் திறந்திருந்தால் ஒரே தவணை.
இதையும் சொல்லியிருக்கக் கூடாதோ?
அடித்துவிடலாம். நாளைக்கு.

காலை ஒன்பதுக்கு நீதிமன்ற வாசலில்
புள்ளிமான் இரண்டு
யாரோ எறிந்த சோற்றுப் பொதியின் வாழையிலையைத் தின்கின்றன.
வாகனங்கள் அவற்றைச் சுற்றிப் போகின்றன.
எதிர்க்கரையில் அவர்.
என்னைக் கண்டதும் குடையை இந்தப் பக்கம் சாய்க்கிறார்.
மழை இல்லை.
நான் கைப்பையைத் திறந்து
எதையோ தேடுகிறேன்.