அறுபத்தொன்று

உறைமழை ஓய்ந்தும் கம்பிகள் தரையில்தான்.
டிராக்டரில் பூட்டிய ஜெனரேட்டர்
கொட்டகைக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருக்கிறது,
மினசோட்டா இருட்டில் அது ஒன்றுதான் பேச்சு.

ஆர்டிஸ் கையுறையைக் கழற்றி
மீட்டர் கண்ணாடியை நகத்தால் சுரண்டுகிறாள்.
வோல்ட் இருநூற்று நாற்பத்திரண்டு.
ஹெர்ட்ஸ் அறுபத்தொன்று.
ஒன்று கூடுதல். இருக்கட்டும்,
கறவை பம்பு கிளம்பும்போது
முள் ஐம்பத்தெட்டுக்கு வழுக்கும்,
விளக்குகள் பழுக்கும்,
எண்பது மாடுகளும் ஒருசேரத் தலை தூக்கும்.

"அறுபதில் நிறுத்து, டீசலை ஏன் குடிக்க விடுகிறாய்?"
என்பான் லைல். என்றான்,
பூட்ஸோடு சோபாவில் சாயும்முன்.
ஏழுக்கு அவன் முறை.

டிராக்டர் கேபின் ரேடியோ
ஆறு நாற்பத்தொன்பது என்கிறது.
சமையலறைக் கடிகாரத்திலோ மணி ஏழு.

கையில் கெட்டிலோடு நிற்கிறாள்.
நேற்றிரவு எட்டுக்குத் திருத்திய கடிகாரம்.
மின்னோட்டத்தின் துடிப்பை எண்ணித்தான் அது நடக்கும்:
ஒரு ஹெர்ட்ஸ் கூடினால்
மணிக்கு ஒரு நிமிடம் முந்தும்.

இரண்டு நாளாக அவனை
ஏழுக்கு முன்பே உலுக்கி எழுப்பியிருக்கிறாள்.

சொல்லப்போவதில்லை.
ஈர பூட்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்து
பதினொரு நிமிடம்
அவன் குறட்டையைக் கேட்கிறாள்,
வெளியே முள் எங்கே நிற்கிறதென்று
பார்க்காமல்.