காலை உயரம்

காலையில் மனுஷர் கொஞ்சம் உயரமாம்.
பொழுது ஏற ஏற
முதுகெலும்பு தன்னைத் தானே
மடித்துக்கொள்ளுமாம்.
கிளினிக்கில் வேலை செய்யும் ஹேமலா சொன்னாள்.
என் உயரம் நூற்று ஐம்பத்தாறு புள்ளி எட்டு.
அது சாயங்காலக் கணக்கு.
போலீஸில் கேட்பது நூற்று ஐம்பத்தேழு.

ஆகவே இன்று பல் துலக்கியதுகூடப்
படுத்துக்கொண்டே.
அம்மா பேசினை நீட்டினாள்,
சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

தினா அண்ணனின் வேனில்
டெலிவரிக்குப் போகும் குயின் சைஸ் மெத்தை,
பிளாஸ்டிக் உறை பிரிக்காதது.
அதன்மேல் நான், நீட்டி நிமிர்ந்து,
பிறையிலிருந்து தீவுக்கு.
சன்னல் இல்லாத வண்டி.
பாலம் வந்ததை டயர்தான் சொன்னது,
இணைப்புக்கு இணைப்பு ஒரு டக்.
மேடு பள்ளம் தெரிந்தால் முன்னாலிருந்து
"புடிச்சுக்க" என்பான்.
சம்மன் பாக்கி வைத்திருக்கும் ஆள்,
இன்று முட்டை ஏற்றியவன் மாதிரி ஓட்டினான்.

நெஞ்சின்மேல் பாரம்.
விண்ணப்ப பாரத்தைத்தான் சொல்கிறேன்.
யுகேஸ்வரி ஏ/பி லெட்சுமணன்,
எஸ்பிஎம், மலாயில் கிரெடிட்,
பச்சை குத்தவில்லை, கண்ணாடி இல்லை,
கல்யாணம் ஆகவில்லை,
தட்டைப் பாதம் இல்லை.
(ஈரக் காலைச் சிமெண்டில் பதித்து
நானே பார்த்துக்கொண்டேன்.
நடுவில் நல்ல வளைவு,
ஒரு சின்னக் குடா போல.)

பதினேழாம் கேள்வி மட்டும் வெறுமை.
குடும்பத்தில் எவரேனும் கைதானதுண்டா.
உண்டெனில் பெயர், உறவு, தேதி, நிலையம்.
நேற்று ராத்திரி 'இல்லை'யில் பென்சிலால் கோடு போட்டு
அழித்து, போட்டு, அழித்து,
அந்த இடத்தில் தாள் மெலிந்து
வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது.

"பதினேழு எழுதிட்டியா?"

படித்திருக்கிறான்.
நான் அசையவில்லை, பிளாஸ்டிக் மட்டும் முனகியது.

"உண்டுன்னு போடு.
அவங்ககிட்ட எல்லாம் இருக்கு.
நீ இல்லன்னு போட்டா
அப்புறம் பொய் உன் பேர்ல."

பிறகு டெலிவரி விலாசம் படிப்பதுபோல் சொன்னான்:
மூணாம் மாசம் பதினொண்ணு, புதன்கிழமை,
செபராங் ஜெயா,
நாலு ராத்திரி.
ஈப்போவில் வேலை கிடைத்துப் போயிருக்கிறான் என்று
பக்கத்து வீடுகளுக்கு நாங்கள் சொன்ன நாலு ராத்திரி.
எனக்கு அது மூன்றாகத்தான் ஞாபகம்.

"விலங்கு இறுக்கிப்போச்சு, கை வீங்கிருச்சு.
ஒரு பொம்பள கார்ப்பரல் வந்து லூசாக்கிவிட்டாங்க.
ஒண்ணும் பேசல.
பேரு தெரியாது."
சிக்னலில் வண்டி நின்றது.
"உன் உயரந்தான் இருப்பாங்க."

பேனாவை எடுத்தேன்.
மல்லாந்து எழுதினால் மை இறங்காது,
நாலு எழுத்துக்கு மேல் வெறும் கீறல்.
குப்புறப் படுத்தேன், மெத்தை அமுங்கியது,
மெலிந்த தாள் கிழிந்துவிடும்.
எழுந்து உட்கார்ந்தேன்.
கேர்னி வரைக்கும் உட்கார்ந்தபடி,
மடியில் கோப்பை வைத்து,
உண்டு.
தினகரன் ஏ/எல் லெட்சுமணன். உடன்பிறந்தவர்.
தேதி. நிலையம்.
எத்தனை மில்லிமீட்டர் போனதோ.

பினாங்கு ரோடு தலைமையகம்.
செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து,
சுவரில் முதுகு ஒட்ட நிற்கிறேன்.
வெளியே மஞ்சள் கோட்டில் அண்ணன் வேன்,
இரண்டு பக்க விளக்கும் சிமிட்ட.
டிராஃபிக்காரர் ஒருவர்
நோட்டைப் புரட்டியபடி அதை நோக்கி நடக்கிறார்.
அண்ணன் கண்ணாடியை இறக்குகிறான்.
நான் கழுத்தைத் திருப்புகிறேன்.

"பண்டாங் டெப்பான்" என்கிறார் அளப்பவர்.
நேரே பார்க்கிறேன்.
சட்டம் வழுக்கி இறங்குகிறது,
முதலில் முடியைத் தொடுகிறது.